டோர்வர்ட் வீட்டுப் படிக்கோலம்

பிட்லாரி நூலகத்தின் பின்கூடத்தில் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஊரின் பழைய புகைப்படங்களைத் திரையில் போட்டுக் காட்டுவார்கள். படத்தில் இருப்பது யார், தெரு எது, கடை யாருடையது என்று வந்தவர்கள் சொல்ல, நூலகர் டவீனா குறித்துக்கொள்வாள். எல்ஸ்பெத் டோர்வர்ட் அந்தக் கூட்டத்துக்கு ஒரு தடவைகூடத் தாமதமாக வந்ததில்லை. முன்வரிசையில் இடது ஓரத்து நாற்காலி அவளுடையது என்று எல்லோருக்கும் தெரியும். எழுபதைத் தாண்டியும் அந்த நாற்காலியின் சாய்மானத்தில் அவள் முதுகு பட்டதில்லை. சாய்ந்து உட்காருவது அவர்கள் வீட்டில் வழக்கமில்லை.

அன்றைக்கு அவள் தம்பி நார்மனும் வந்திருந்தான். எடின்பரோவில் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். நல்ல உயரம், நல்ல கோட்டு. அவன் வந்ததற்குக் காரணம் இருந்தது. மருந்துக்கடை ரென்னி அந்தக் காலத்தில் தெருத்தெருவாகக் கேமராவைத் தூக்கிக்கொண்டு திரிந்தவர். அவர் வீட்டுப் பரணில் கிடைத்த படங்களில் ஒன்றைப் பெரிதாக்கி, நூலகத்தின் முன்மண்டபத்தில் நிரந்தரமாக மாட்டப் போகிறார்கள். கீழே ஒரு பித்தளைத் தகடு. தேர்ந்தெடுத்த படம் டோர்வர்ட் வீட்டுப் படிக்கட்டு. தகட்டில் பொறிக்க வேண்டிய வாசகத்தை டவீனா தொலைபேசியில் நார்மனிடம் கேட்டு வாங்கியிருந்தாள்: ‘ஜெஸ்ஸி டோர்வர்ட் தன் கையால் கழுவிக் கோலமிட்ட படிகள்.’ இன்று கூட்டத்தில் படித்துக் காட்டிவிட்டால் நாளை பொறிப்பவரிடம் போய்விடும்.

அந்த வாசகம் பொய் என்பது எல்ஸ்பெத்துக்குத் தெரியும். உயிரோடிருப்பவர்களில் அது தனக்கு மட்டும்தான் தெரியும் என்று அவள் எண்ணியிருந்தாள்.

விளக்கை அணைத்தார்கள். முதலில் வந்தது பழம் பறிக்கப் போகும் லாரி. ராஸ்பெர்ரி காலத்தில் ஊர்ப் பெண்களையும் பிள்ளைகளையும் அள்ளிக்கொண்டு போவது. பின்பக்கத்தில் ஒரு பையன் தொற்றிக்கொண்டிருந்தான்.

“அது நம்ம டாட் லேமண்ட்தானே? காது அப்பவே அப்பிடித்தான் இருந்திருக்கு!” என்றாள் ஒருத்தி.

“நானேதான்,” என்றார் பின்வரிசையிலிருந்து டாட். “பறிச்சத விட தின்னதுதான் அதிகம்.”

“அப்புறம் எடை போடுறப்ப வாளிக்குள்ள பழத்துக்கு அடியில கல்லு.”

“ஏம்மா, பொய் சொல்லாதே. நான் போட்டது உருளைக்கிழங்கு. கல்லு போட்டது உன் புருஷன்.”

கூடம் சிரித்தது. கடைசியாகச் சிரித்தவள் பெல்லா கெடிஸ். யாராவது வாயசைத்துச் சொன்ன பிறகுதான் அவளுக்கு விஷயம் போய்ச் சேரும். தொண்ணூறு வயது. சணல் ஆலையில் தறிகளின் இரைச்சல் முப்பது வயதுக்குள் அவள் காதைத் தின்றுவிட்டது. பேசினால், தறி இன்னும் ஓடிக்கொண்டிருப்பது போல உரக்கப் பேசுவாள். ஆனால் எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்தால் போதும், ஒரு சொல் தப்பாது. நெசவுக்கூடத்துப் பெண்கள் எல்லோருமே அப்படித்தான். நான்கு தறி தள்ளி நிற்பவளிடம், குரலே இல்லாமல், மேஸ்திரியின் கால்சட்டையைப் பற்றி ஒரு முழுக்கதை சொல்லிவிடுவார்கள். மேஸ்திரி நடுவில் நின்றுகொண்டிருப்பார். ஒரே கட்டடத்தில் குடியிருந்த எல்ஸ்பெத்தின் அம்மாவும் பெல்லாவும் எதிரெதிர் வாசலில் நின்று அப்படித்தான் மணிக்கணக்கில் பேசினார்கள். அவர்களைப் பார்த்துப் பார்த்தே எல்ஸ்பெத்தும் அதைக் கற்றுக்கொண்டாள்.

அடுத்து அந்தப் படம் வந்தது. கூடத்தில் “ஆகா” என்று ஒரு மூச்சு எழுந்தது.

அது வீவர்ஸ் லேனில் நான்கு மாடிக் கல் கட்டடம். எட்டுக் குடும்பத்துக்குப் பொதுவான சுழல் படிக்கட்டு. மேல்படியில் சிறுமி எல்ஸ்பெத், மடியில் குழந்தை நார்மன். கதவோரம் அம்மா, ஆலைக்குப் போகும் உடுப்பில், கைகளை முன்னால் கோத்தபடி. ஆனால் படத்தைப் பார்த்தவர்கள் கண் மனிதர்கள் மேல் நிற்கவில்லை. கழுவிக் கருமையாக மின்னும் கல்படிகள்; அவற்றின் இரு ஓரத்திலும் வெள்ளைக் களிமண்ணால் இட்ட கோலம். வாரம் ஒரு வீட்டுக்கு முறை. முறை வந்த வீட்டுக் கதவில் அதற்கு அடையாளமாக ஒரு பலகையைத் தொங்கவிட்டுவிடுவார்கள். மற்ற வீட்டுப் பெண்கள் கழுவி முடித்துச் சுழிகளும் புள்ளிகளும் வைப்பார்கள். டோர்வர்ட் வீட்டு வாரத்தில் மட்டும் படியோரத்தில் இரண்டு புரிகள் பின்னிய கயிறு போல ஒரு கோலம் இறங்கி வரும். மேல் தளத்தில் தொடங்கினால் தெருவாசலைத் தொடும் வரை ஓரிடத்திலும் அறுபடாது. படி திரும்பும் இடத்தில் தானும் திரும்பும். அத்தனை நேர்த்தியாக, அடுத்த வாரம் அழிக்கப்படப் போகும் ஒன்றை ஒருவர் செய்தார் என்று நம்புவதே கடினம்.

“என்ன கை பாருங்க,” என்றாள் டவீனா. “சார், இதப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்களேன்.”

நார்மன் எழுந்தான். அவனுக்குப் பேச வரும்.

“எங்கம்மா பத்து மணி நேரம் தறியில நிப்பாங்க,” என்றான். “அதுக்கு மேல வீடு. அதுக்கும் மேல இந்தப் படி. ஊர்ல யாரும் டோர்வர்ட் வீட்டுப் படியில குத்தம் சொன்னது கிடையாது. அது அந்தப் பொம்பளையோட வைராக்கியம். இத்தனைக்கும் வீட்டுல உதவிக்கு ஆள் இல்லாம இல்ல. நல்லா கை கால் இருந்த ஆள் இருந்தார்.” சற்று நிறுத்தினான். “படத்துல எங்கப்பா மட்டும் இல்ல பாருங்க. எப்பவும் போல உள்ள கெட்டில் பக்கத்துல இருந்திருப்பார்.”

கூடம் சிரித்தது. அது கெட்ட சிரிப்பல்ல. அந்த ஊருக்குப் பழகிய சிரிப்பு. பிட்லாரியில் ஆலைக்கு வேண்டியது பெண்களின் கூலியும் பிள்ளைகளின் கூலியும்தான். பையன் வளர்ந்து ஆண்பிள்ளைக்குரிய சம்பளம் கேட்கும் வயது வந்ததும் வெளியே அனுப்பிவிடுவார்கள். மனைவி தறிக்குப் போக, கணவன் அடுப்பும் தேநீர்க் கெட்டிலுமாக வீட்டில் இருப்பான். அவனுக்குக் கெட்டில்காரன் என்று பெயர். அந்தப் பெயருக்குப் பயந்து கடல் கடந்து போனவர்கள் உண்டு.

எல்ஸ்பெத் சிரிக்கவில்லை. தன் அப்பா ஆலிக் டோர்வர்ட்டைப் பார்த்து ஒரு கூடமே சிரிப்பதை அவள் முதல்முறையாகக் கேட்டாள். உயிரோடிருந்த காலத்தில் யாரும் அவர் முகத்துக்கு நேரே அப்படிச் சிரித்ததில்லை. காரணம், அம்மா.

போர் முடிந்து அப்பா கப்பலிலிருந்து திரும்பினார். அவர் ஏறிப் போக வேறு கப்பல் இல்லை. தினமும் காலையில் சவரம் செய்து, பூட்சைத் துடைத்து, துறைமுக வாசலுக்குப் போய் நிற்பார். ஆள் வேண்டாம் என்றதும் அதே நடையில் திரும்பி வருவார். கதவைச் சாத்திக்கொண்டு சூப் வைப்பதை ஊர் பொறுத்துக்கொள்ளும். படிக்கட்டு அப்படியல்ல, அது ஊரார் கண். ஓர் ஆண்பிள்ளை முழங்கால் போட்டு, வாளியும் துணியுமாகப் படி கழுவுவதைப் பார்த்துவிட்டால், அவர் அதன் பிறகு எந்த மதுக்கடையிலும் தலை நிமிர்ந்து நுழைய முடியாது.

ஒரு குளிர்காலத்தில் அம்மாவின் மணிக்கட்டுகள் இரண்டும் வீங்கிப்போயின. அந்த வாரம் பலகை அவர்கள் கதவில் தொங்கியது. விடிவதற்கு முன் அம்மா வாளியைத் தூக்கியபோது அப்பா ஒன்றும் சொல்லாமல் அதை வாங்கிக்கொண்டார். எல்ஸ்பெத் விழித்துக்கொண்டு கதவிடுக்கில் பார்த்தாள். காலுறை மட்டும் அணிந்து, சத்தமில்லாமல், ஒவ்வொரு படியாக அப்பா கீழே இறங்கிக்கொண்டிருந்தார். கப்பல் தளம் துடைத்த கை. கழுவி முடித்ததும் களிமண் கட்டியை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கயிற்றை இழுக்கத் தொடங்கினார். அப்பாவின் முகம் அத்தனை அமைதியாக இருந்து அவள் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

அம்மா அவளைப் பிடித்து உள்ளே இழுத்தாள். “யார்கிட்டயும் சொல்லக் கூடாது. நான் செத்தாலும் சொல்லக் கூடாது. உங்கப்பா மானம் உன் வாயில இருக்கு. சொல்லு, சத்தியம்.” எல்ஸ்பெத் சத்தியம் செய்தாள். பிறகு அம்மா ஈரக் களிமண்ணில் விரலைத் தோய்த்துத் தன் ஏப்ரனில் இரண்டு மூன்று இடத்தில் தேய்த்துக்கொண்டு ஆலைக்குப் புறப்பட்டாள். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் அப்படித்தான். வழியில் பெண்கள் படியைப் புகழ்ந்தால், “எங்க வீட்டுல அது அப்பிடித்தான்” என்பாள். ‘நான் செய்தேன்’ என்று அவள் வாயிலிருந்து ஒருநாளும் வந்ததில்லை. இரண்டு பேருடைய மானத்தையும் ஒரு வாக்கியத்தில் தூக்கிக்கொண்டு நடந்தவள் அவள்.

அப்பா போய்ச் சேர்ந்தார். பல வருடம் கழித்து அம்மாவும் போனாள். நார்மன் அப்பாவை இளக்காரமாகப் பேசும்போதெல்லாம் எல்ஸ்பெத், “அப்பாவைப் பத்தி அப்பிடிப் பேசாதே” என்று மட்டும் சொல்வாள். கொடுத்த வாக்கை மீறிப் பழக்கமில்லாதவள். ஆனால் இப்போது பேச்சு பித்தளையில் ஏறப் போகிறது. சும்மா இருந்தால் அப்பா என்றென்றைக்கும் கெட்டில்காரன். வாயைத் திறந்தால் அம்மாவிடம் செய்த சத்தியம் போச்சு. போதாததற்கு, அம்மா வாழ்நாள் முழுக்கக் கேட்ட புகழையும் அவளே ஊர் நடுவில் பிடுங்கியவள் ஆவாள்.

டவீனா வாசகத்தைப் படிக்கத் தாளை எடுத்தாள். எல்ஸ்பெத் பார்வையைத் திருப்பினாள். கூடத்தின் எதிர்ப்புறத்திலிருந்து, திரையின் வெளிச்சத்தில், பெல்லா கெடிஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெல்லாவின் உதடுகள் அசைந்தன. குரல் இல்லை.

‘சொல்லுடி.’

எல்ஸ்பெத் தன் உதட்டை மட்டும் அசைத்தாள். ‘எதை?’

‘ஆலிக்கைப் பத்தித்தான். எங்களுக்கெல்லாம் தெரியும். நீ சொல்றியா, இல்ல நான் கத்தவா?’

பக்கத்தில் இருந்தவர்கள் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஏதோ இரண்டு கிழவிகள் வாயை மென்றுகொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். எல்ஸ்பெத் பெல்லாவைப் பார்த்துத் தலையசைத்தாள். பிறகு எழுந்து நின்றாள்.

“டவீனா, அந்தத் தகட்டுல தப்பா எழுதப் போறீங்க.”

“ஸ்பெல்லிங்கா, மிஸ் டோர்வர்ட்?”

“இல்ல. அந்தப் படியக் கழுவினது எங்கப்பா. அந்தக் கயிறும் அவர் போட்டதுதான். முறை வர்ற ஒவ்வொரு வாரமும், விடியறதுக்கு முன்னால. எங்கம்மா கை வீங்கிக் கிடந்தப்ப வாளியத் தூக்கினவர், கடைசி வரைக்கும் கீழ வைக்கல. அவர் படத்துல இல்லைதான். ரென்னி கேமராவத் தூக்கிட்டு வந்தப்ப, அம்மாவ வாசல்ல நிக்கச் சொல்லிட்டு அவராத்தான் உள்ள போனார். இவ்வளவுதான் சொல்லணும்.”

உட்காரவில்லை. நின்றபடியே இருந்தாள்.

“அக்கா,” என்றான் நார்மன், தாழ்ந்த குரலில். “அப்பாவுக்காக நீ அம்மா பேரக் கெடுக்கிற.”

“நான் யார் பேரையும் கெடுக்கல.”

“இதுக்கு யாரு சாட்சி?”

“நான் சாட்சி!” தறிக்கூடத்துக் குரல் ஒன்று கூடத்தை உலுக்கியது. டாட் லேமண்ட் கையிலிருந்த தேநீர் தளும்பியது. பெல்லா கைத்தடியை ஊன்றி எழுந்துகொண்டிருந்தாள். “டேய் நார்மன், இப்பிடித் திரும்பு. உன் மூஞ்சி முழுசாத் தெரியணும் எனக்கு. நீ பெரிய வாத்தியாரா இருக்கலாம். உனக்கு மூக்குத் தொடச்சு விட்டவ நான்.”

“பெல்லா ஆன்ட்டி, நீங்க உக்காந்தே—”

“உங்கம்மா காலைல ஆலைக்கு வருவா. ஏப்ரன்ல அங்கங்க வெள்ளை. நல்லா நடிச்சா, பாவம். ஆனா கீழ பாத்தா காலுறை அப்பிடியே மடிப்புக் கலையாம இருக்கும். முழங்கால்ல ஈரம் இல்ல, அழுக்கு இல்ல. நாலு மாடி முழங்கால் போட்டு இறங்கினவ காலுறை எப்பிடி இருக்கும்னு எங்களுக்குத் தெரியாதா? எங்க எட்டு வீட்டுல எவளுக்குத் தெரியாது?”

“தெரிஞ்சு ஏன் யாரும் சொல்லல?” என்று கேட்டாள் எல்ஸ்பெத். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

“எதுக்குச் சொல்லணும்? இந்த ஊர்ல நாங்க கிழிக்காத ஆம்பளை கிடையாது. மேஸ்திரியக் கிழிச்சோம். பாதிரியாரக் கிழிச்சோம். ஆலிக்க மட்டும் தொடல. யாரும் கூடிப் பேசி முடிவு பண்ணலடி, அது பாட்டுக்கு அப்பிடி ஆயிடுச்சு. அவர் படியில இருக்குற நேரத்துல எவளும் கதவத் திறக்க மாட்டா. பால் பாட்டில் வெளிய கிடந்து உறையும். என் புருஷன் ஒருநாள் திறக்கப் போனான். கதவுல முதுக வச்சு நின்னேன். ‘என்னடி ஆச்சு உனக்கு’ன்னான். ‘ஒண்ணும் ஆகல, போய்ப் படு’ன்னேன்.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “எனக்கு முறை வந்தப்ப நானும் புள்ளி வச்சேன், சுழி வச்சேன். கோழி கிளறின மாதிரி இருக்கும். அந்தக் கயித்து மேல கால் படாம, படி நடுவுல மட்டும் கால வச்சு இறங்கிப் போவோம் நாங்க. தறிக்குப் போற வழியில கண்ணுக்குக் குளிர்ச்சியா எங்களுக்கு வேற என்ன இருந்துச்சு?”

யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் டாட் லேமண்ட், “எங்கப்பாவும் ரொட்டி சுடுவார். ஜன்னல் திரையப் போட்டுட்டு” என்றார். ஒருத்தி, “எங்கப்பா எனக்குத் தலை பின்னி விடுவார்” என்றாள்.

நார்மன் அக்காவைப் பார்த்தான். அவன் முகத்திலிருந்து தலைமை ஆசிரியர் இறங்கிப் போயிருந்தார்.

“எனக்காவது சொல்லியிருக்கலாமேக்கா.”

“அம்மாகிட்ட வாக்குக் குடுத்தேன்.”

“அவர் அடக்கத்துல, மகன் பிடிக்கிற தலைமாட்டுக் கயிறு என் கையிலதான் இருந்துச்சு. பெட்டிய இறக்குறப்ப நான் என்ன நெனச்சேன் தெரியுமா? இந்த மனுஷனுக்கு இதுவே அதிகம்னு...” அவன் முடிக்கவில்லை. எல்ஸ்பெத் அவனை முடிக்கச் சொல்லவும் இல்லை. டோர்வர்ட் வீட்டில் பிறந்தவன் சபையில் கலங்கி நிற்பதை அவள் விரும்பவில்லை. அதே சமயம் அவனை மறைக்கவும் அவளுக்குத் தோன்றவில்லை.

“தகட்டுல என்ன எழுதட்டும்?” என்று டவீனா மெல்லக் கேட்டாள். “பழசை அடிச்சிட்டேன்.”

“அப்பா பேர எழுதுங்க,” என்றான் நார்மன்.

“ஜெஸ்ஸி பேர எடுத்தேன்னு வச்சுக்கோ, இந்தத் தடியாலயே தகட்டப் பேத்துடுவேன்,” என்றாள் பெல்லா, அவன் உதட்டைப் பார்த்தபடி.

“எடுக்க மாட்டாங்க,” என்றாள் எல்ஸ்பெத். அம்மா ஏப்ரனில் களிமண்ணைத் தேய்த்துக்கொண்டு நிமிர்ந்து நடந்த நடையும் அந்தப் படியில் ஒரு பங்குதான். “ரெண்டு பேர் பேரும் இருக்கும். ‘ஆலிக் டோர்வர்ட், ஜெஸ்ஸி டோர்வர்ட். அவர்கள் வீட்டுப் படிகள்.’ கோலம் போட்டது ஆலிக்குன்னு அடுத்த வரியில எழுதுங்க. வேற விளக்கம் வேண்டாம். கேக்கிறவங்களுக்கு நான் சொல்லிக்கிறேன்.”

டவீனா எழுதிக்கொண்டாள். படம் இன்னும் திரையிலேயே இருந்தது. நார்மன் நாற்காலிகளுக்கு நடுவே நடந்து திரையிடம் போனான். கீழ்ப்படிகள் திரையின் அடிப்பாகத்தில் இருந்தன. நின்றபடி அவனுக்குச் சரியாகத் தெரியவில்லை. கோட்டை ஒதுக்கிக்கொண்டு ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றினான். பிறகு மற்றதையும். அவன் நிழல் படத்தின் மேல் விழுந்தது. அதைக் கண்டு ஓரமாக நகர்ந்துகொண்டான். விரலைத் திரையில் படாமல் வைத்து, ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு, அந்தக் கயிறு போன வழியே மெதுவாகக் கொண்டுபோனான்.

டவீனா விளக்கைப் போடக் கையை நீட்டினாள்.

“போடாதே,” என்றாள் எல்ஸ்பெத். “அவன் கடைசிப் படி வரைக்கும் பாத்துட்டு வரட்டும்.”